தோட்டத்துக் கோயில் போய்விட்டது, பட்டணத்தில் எந்தச் சபையில் சேர்வது?

கடைசி_லயன்
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் மலேசியாவில் ஹிலிர் பேராக் பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளையே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவ்வளவு சின்னப் பட்டணம். ஒரு ஹார்ட்வேர் கடை, இரண்டு மினி மார்க்கெட், ஒரு எண்ணெய் ஸ்டேஷன், வியாழக்கிழமை பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை. சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). நான் பிறந்தது உள்ளே பத்துக் கட்டையில், அதாவது பத்து மைலில், இருந்த ஒரு தோட்டத்தில். பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் அங்கே 90 குடும்பம், அதில் 14 குடும்பம் லுத்தரன் கிறிஸ்தவர்கள். பால் ஸ்டோருக்குப் பின்னால் பலகையில் கட்டிய சின்னக் கோயில். மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயர், அதாவது எங்கள் போதகர், வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் தாத்தா ஜெபப் புத்தகத்தை வைத்து ஆராதனை நடத்துவார். எந்தச் சபைக்குப் போவது என்ற கேள்வியே அப்போது கிடையாது. மணி அடித்தால் போவோம். மணி என்றால் வெண்கல மணி இல்லை, காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக்கு அடிக்கிற அதே தண்டவாளத் துண்டுதான்.

தோட்டம் கைமாறி, செம்பனை போட்டு, நம் ஆட்களுக்குப் பதில் வெளிநாட்டு ஆட்கள் வந்து, லயன் வீட்டு வரிசை இடிபட்டு இப்போது ஏழு வருஷம். நாங்கள் பட்டணத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறோம். வீட்டுக்காரர் இந்து. கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்ததுதான், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களை வாசலில் இறக்கிவிட்டு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பார். மகளுக்கு 12, மகனுக்கு 7.

லுத்தரன் சபை கிட்டத்தில் இல்லை, காரில் ஒரு மணி நேரம். பட்டணத்தில் தமிழ் மெதடிஸ்ட் ஒன்று, எண்ணினால் 30 தலை, அதில் 20 நரைத்த தலை. கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்று, ஃபாதர் வெளியிலிருந்து வருகிறார், தமிழ்ப் பூசை மாதம் இரண்டு. கடைவீட்டு மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை, டிரம்ஸ், கீபோர்டு, ஏர்கோன். பாஸ்டர் தானே தொடங்கியது, பெரிய அமைப்பு எதிலும் இல்லை. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. இது போக, ஒரு வீட்டில் சனிக்கிழமை கூடுகிற குழு ஒன்று.

மூன்று வருஷமாக அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று போய்க்கொண்டிருக்கிறோம். இனி ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது? ‘ஜெபித்துப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

கிட்டார்_தம்பி
ஞாயிறு, இரவு 10.05

அக்கா, பிள்ளைகளுக்குப் பிடித்த இடம்தான் சரி. 12 வயசில் கோயில் அலுத்துப் போனால் 17 வயசில் வரவே மாட்டார்கள். என்னோடு ஓய்வுநாள் பள்ளி படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் தலை காட்டுகிறார்கள். நான் வேறு ஊரில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்கிற பெந்தெகொஸ்தே சபையில் கிட்டார் வாசிக்கிறேன். உயிருள்ள ஆராதனை முக்கியம்.

ஜெபவீரன்7
ஞாயிறு, இரவு 11.31

சகோதரி, குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது வேதத்தில் எங்கே இருக்கிறது? நீங்களும் உங்கள் பிள்ளைகளும் இன்னும் ஞானஸ்நானமே எடுக்கவில்லை. விக்கிரகம் வைத்திருக்கிறவர்கள், செத்த சபைக்காரர்கள் எல்லாரும் நேரே போகிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரரையும் முதலில்…

[மீதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 6.50

அவர் கேட்டது எந்தச் சபையில் சேரலாம் என்று, யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்று இல்லை. அந்தப் பட்டியலை எழுத இங்கே இடம் கிடையாது. அடுத்தவர் வீட்டுக்காரரை இழுக்க வேண்டாம்.

கிராணி_மகன்
திங்கள், காலை 8.20

தங்கச்சி, நான் 14 வருஷம் சபைப் பொருளாளராக இருந்தவன் (மெதடிஸ்ட், வேறு மாநிலம்). என் புத்தி காசு பக்கம்தான் போகும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு, பிரசங்கம் எல்லாம் அப்புறம். ‘வருடாந்திரக் கூட்டம் எப்போது? போன வருஷக் கணக்கை யார் வாசித்தார்?’ என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், கேட்டதும் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். ஒழுங்கான இடத்தில் ‘அதோ போர்டில் ஒட்டியிருக்கிறது, எழுத்துதான் சின்னது’ என்பார்கள். கோளாறான இடத்தில் ‘சிஸ்டர், விசுவாசத்தோடு கொடுங்கள், கணக்கைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்பார்கள். கர்த்தர் பார்ப்பார்தான், ஆனால் ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவகம்) கடிதம் வருவது செயலாளர் பெயருக்கு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தில் பதிந்த சபை என்றால் ஆண்டுக் கூட்டம் போட்டு, 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு 1957லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, அங்கே சொத்து ஆயரின் (பிஷப்பின்) பெயரில்.

கடைவீட்டுச் சபை என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் கோயில் கட்ட நிலம் கிடைப்பது லேசான காரியமா? மாடிப்படி ஏறி வளர்ந்த நல்ல சபைகள் எத்தனையோ. பேங்க் கணக்கில் யார் யார் கையெழுத்து என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாஸ்டர் ஒரு கையெழுத்து, பாஸ்டரம்மா ஒரு கையெழுத்து என்றால் அது இரண்டு இல்லை, ஒன்றுதான்.

அப்புறம் தசமபாகம். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி (ரிங்கிட்). பத்தில் ஒன்று 170. இபிஎஃப் சேமநிதி 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, கைக்கு வருமுன்னே போய்விடும். பிடித்ததற்கு முன்னாலா பின்னாலா என்று சில இடங்களில் அதற்கே தனிப் பிரசங்கம் வைக்கிறார்கள்! கொடுப்பது உங்கள் மனசு. கொடுக்காத மாதம் யாராவது வந்து விசாரிக்கிறார்களா, அதைப் பாருங்கள். ‘வரி கழியும்’ என்று சொல்லி வாங்கினால் ரசீதில் வருமான வரிச் சட்டப் பிரிவு 44(6) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த அங்கீகாரம் இல்லாத காணிக்கைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது.

பத்தாங்கட்டை
திங்கள், மதியம் 1.15

நாங்கள் நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. எங்களிடம் ‘தேர்ந்தெடுப்பது’ என்ற பேச்சே குறைவு. எங்கே குடியிருக்கிறோமோ அந்த வட்டாரக் கோயில்தான் நம் பங்கு. ஃபாதர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுதான். சில வருஷத்தில் அவர் மாறுவார், நாம் மாறமாட்டோம். எங்கள் தோட்டத்தில் உபதேசியார் ஒருவர் இருந்தார். ஃபாதரைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பூசை மாதம் இரண்டுதானே என்று கணக்குப் போடாதீர்கள். பிஇசி என்கிற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டம் வீடு வீடாக நடக்கும், செபமாலை நடக்கும்.

நீங்கள் எங்களிடம் வருவதென்றால் மறுபடியும் திருமுழுக்குக் கொடுக்கமாட்டார்கள். தந்தை, மகன், தூய ஆவி பெயரால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது என்றால் லுத்தரன் திருமுழுக்கே போதும், சான்றிதழ் மட்டும் கேட்பார்கள். ஆனால் சில மாதம் வகுப்பு உண்டு, பெரும்பாலும் பாஸ்கா (ஈஸ்டர்) சமயத்தில்தான் சேர்ப்பார்கள். அதுவரை நற்கருணை வாங்க முடியாது. பெண்கள் குருவாக முடியாது, மாதாவிடம் வேண்டுவது உண்டு. இதெல்லாம் உங்களுக்குப் பெரிய விஷயம் என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், சேர்ந்த பிறகு முகத்தைத் தூக்க வேண்டாம்.

ஜூலை 26 சமயத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வாருங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. மெழுகுவத்தி ஏற்றுகிற கூட்டத்தில் இந்துக்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் அவருக்கே கூச்சம் போய்விடும்.

ஜொகூர்க்காரி
திங்கள், இரவு 8.48

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் மகள் அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளி. அங்கே மலாயும் ஆங்கிலமும்தான். என் பெரியவன் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்து ‘இரட்சணியம்’ என்றால் என்ன, ‘நீதிமான்’ என்றால் என்ன என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பான். பதினைந்து வயசில் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டான். மெதடிஸ்டில் தமிழுக்கு ஒரு மாநாடு (நிர்வாக அமைப்பு), ஆங்கிலத்துக்கு ஒன்று, சீனத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதால் பெரிய பட்டணத்தில் சபைக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். சின்ன ஊரில் அந்த வசதி இல்லை.

வேதாகமத் தமிழே இடத்துக்கு இடம் வேறு. ஒரே 23ஆம் சங்கீதம், எங்களுக்கு மேய்ப்பர், கத்தோலிக்கர்களுக்கு ஆயர். அவர்களுடைய திருவிவிலியம் 1995இல் வந்தது, படிக்க லேசாக இருக்கும். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு கடினம்தான், ஆனால் மனப்பாடம் பண்ணியவர்களுக்கு வேறு எதுவும் தொண்டையில் இறங்காது.

கடைசி_லயன்
செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. கிராணி அண்ணே, பேங்க் கையெழுத்து விஷயத்தை வாசித்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது ஏன் அவசரம் என்றால், போன வருஷம் அம்மா தவறிவிட்டார்கள். இராத்திரி இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மா ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே சபைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், மாடிப்படி ஏற முட்டி வலித்தாலும் போவார்கள். (எந்தச் சபை என்று புரிந்திருக்கும், விட்டுவிடுங்கள்.) விடிந்ததும் பாஸ்டருக்குப் போன் போட்டேன். வந்தார். பத்து நிமிஷம் ஜெபித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அம்மா முழுக்கு எடுக்கவில்லை, உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லை, அடக்கம் பண்ண எங்களிடம் இடமும் இல்லை, வேறு ஏற்பாடு பாருங்கள்’ என்றார்.

அந்த வேறு ஏற்பாட்டை அம்மாவை நடுவீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு பார்த்தோம். லுத்தரன் ஐயர் மறுநாள்தான் வர முடியும் என்றார், அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்களும் வருஷக் கணக்கில் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் மெதடிஸ்ட் சபை மூப்பர் ஒருவர், எங்களுக்குச் சொந்தமும் இல்லை, அவர்கள் மயானத்தில் இடம் பேசிக் கொடுத்தார். சாயந்தரம் லோரியில் 40 நாற்காலி வந்து இறங்கியது. யார் அனுப்பியது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதிலிருந்து ஆராதனையில் உட்கார்ந்தால் எனக்கு நாற்காலிதான் கண்ணில் படுகிறது.

சும்மா_சொல்றேன்
செவ்வாய், இரவு 10.41

நான் இந்து, இந்த இழையில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் நாற்காலி வந்த இடத்துக்குப் போங்க அக்கா.

ஜொகூர்க்காரி
செவ்வாய், இரவு 11.02

மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒரு சாவை வைத்து எல்லாக் கடைவீட்டுச் சபையையும் எடை போட்டுவிடாதீர்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். நாங்கள் பிறந்து வளர்ந்த பெரிய சபை, கல் கட்டடம், கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார்கள், அதுவும் சந்தா பாக்கியை ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கடைவீட்டுப் பாஸ்டர் வாரம் இரண்டு நாள் வந்து அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிட்டுப் போவார். அந்த ஆளுக்கு இறையியல் பட்டம் எல்லாம் கிடையாது, பகலில் ஏர்கோன் ரிப்பேர் வேலை.

ஐயரம்மா
புதன், காலை 5.55

நான் ஒரு போதகரின் மனைவி, எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் அந்தப் பாஸ்டர் செய்தது தப்பு. அடக்கத்துக்கு இடம் இல்லை என்றால் இடம் இருக்கிறவரிடம் அவரே போன் போட்டிருக்க வேண்டும். துக்க வீட்டில் பட்டியலைப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் மகளே, நீங்களும் மூன்று வருஷம் எங்கேயும் பெயர் கொடுக்கவில்லையே. சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல் சபையை அமுக்கிப் பார்க்கிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். இந்த வாரம் பாட்டு நன்றாக இல்லை, அந்த வாரம் பிரசங்கம் நீளம். சாவு வந்தால் மட்டும் எல்லாம் வேண்டும்.

என் வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று அடக்கம் நடத்தினார். ஒன்று தோட்டத்துக்கு உள்ளே, செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி போய்ப் போய்ச் சேறாகிக் கிடந்த பாதை. மோட்டார் சைக்கிளைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். யாருக்காக? பெயர் கொடுத்திருந்த ஒரு கிழவிக்காக. பெயர் கொடுத்திருந்தால் எங்களுக்கும் தேடி வர ஒரு விலாசம் இருக்கும், அவ்வளவுதான்.

கடைசி_லயன்
புதன், காலை 7.10

ஐயரம்மா, நீங்கள் சொன்னதில் பாதி உறைக்கிறது. பெயர் கொடுக்காமல் தள்ளிப் போட்டது நான்தான், அம்மா இல்லை. அம்மா முதல் மாதமே சேர்ந்துவிடலாம் என்றார்கள். முழுக்கு எடுக்கச் சொன்னதும், ‘எனக்கு ஐயர் கொடுத்தது என்ன ஆச்சு, தாத்தா கோயிலில் கொடுத்தது பொய்யா?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

செமினாரி_மாணவன்
புதன், இரவு 9.30

அக்கா, சிரம்பானில் இறையியல் படிக்கிறேன். எங்கள் செமினாரியில் மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் மூவரும் ஒரே மேசையில்தான் சோறு சாப்பிடுகிறோம், குழம்பைப் பற்றித்தான் சண்டை வரும். நாற்காலி முக்கியம்தான். ஆனால் கொள்கையைப் பார்க்காமல் சேர்ந்தால் இரண்டு வருஷம் கழித்து உங்கள் அம்மா பட்ட அதே இடத்தில் நீங்களும் போய் முட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் ஊரில் இருப்பவற்றில் லுத்தரனிலிருந்து மெதடிஸ்டுக்குப் போவதுதான் சின்ன அடி. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. உங்கள் தாத்தா வைத்திருந்த ஜெபப் புத்தகம் அந்த வழியில் வந்தது. மெதடிஸ்ட் இந்தப் பக்கம் வந்தது 1885இல், சிங்கப்பூர் வழியாக. வழி வேறு என்றாலும் இரண்டிலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, வளர்ந்த பின் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்துவது) உண்டு, ஒரே விசுவாசப் பிரமாணம். திருவிருந்தில் வித்தியாசம் இருக்கிறது. அப்பத்தோடு கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறது என்பதில் லுத்தரன்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம் (நான் லுத்தரன்), மெதடிஸ்ட்காரர்கள் அதை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. கத்தோலிக்கத்தோடும் பழைய பகை இல்லை. மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்ற அந்தப் பெரிய சண்டையில் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் 1999இல் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், 2006இல் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரில் இது யாருக்கும் தெரியாது, இன்னும் மாதாவைப் பற்றித்தான் வாய்ச்சண்டை.

இன்னொன்று, போதகரை யார் அனுப்புகிறார், அவர் தப்புச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மெதடிஸ்டில் பிஷப் அனுப்புவார், மாற்றுவார். நல்லவரும் போய்விடுவார், அல்லாதவரும் போய்விடுவார். தானே தொடங்கிய சபையில் பாஸ்டரோடு மனத்தாங்கல் வந்தால் போவது நீங்கள்தான்.

சனிக்கிழமைக் குழு யார் என்று கேட்டுப் பாருங்கள். அட்வெண்டிஸ்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பினாங்கில் 1924லிருந்து ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள்தான். சனிக்கிழமை ஓய்வுநாள், பன்றி சாப்பிடமாட்டார்கள். ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லாமல் இயேசுவின் பெயரில் மட்டும் முழுக்குக் கொடுக்கிற குழு என்றால் அது திரித்துவத்தையே ஏற்காத கூட்டமாக இருக்கலாம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

கிட்டார்_தம்பி
புதன், இரவு 10.15

அக்கா, முதல் நாள் நான் எழுதியது அவசரக்குடுக்கை வேலை, அம்மா விஷயம் தெரியாது. மன்னிக்கவும்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். முழுக்கு எடுக்கச் சொல்வதை நாங்கள் இரண்டாவது ஞானஸ்நானம் என்று நினைப்பதில்லை, அதுதான் முதலாவது என்று நம்புகிறோம். தானே நம்பி, தானே கேட்டு எடுக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை. உங்களுக்கு அது வலிக்கும் என்று தெரிகிறது. மறைத்து வைத்து, சேர்ந்த பிறகு சொல்வதைவிட இது மேல். அதற்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு பட்டியல் பேசுவது எங்கள் கொள்கை இல்லை! அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1914லிருந்து இருக்கிற அமைப்பு, எங்கள் பாஸ்டருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. டிரம்ஸ் இருக்கிற எல்லாரும் ஒரே கூட்டம் இல்லை.

கிராணி_மகன்
வியாழன், காலை 8.05

அடக்கம் பற்றிச் சொல்லிவிட்டார்கள், கல்யாணத்தைச் சொல்கிறேன். மகளுக்கு 12 வயசு என்று இப்போது சிரிப்பீர்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உதவிப் பதிவாளராக நியமனம் வாங்கிய போதகர் கல்யாணத்தை நடத்தி அங்கேயே பதிவும் பண்ணலாம். அந்த நியமனம் இல்லாதவர் என்னதான் கை வைத்து ஜெபித்தாலும் ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவகத்துக்குப் போய்ப் பதிந்தால்தான் கல்யாணம். ஒரு குடும்பம் கோயிலில் முடித்ததோடு நின்றுவிட்டு, பிள்ளைக்கு சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எடுக்கப் போனபோது அலைந்ததை நான் கூடவே அலைந்து பார்த்திருக்கிறேன். போதகரிடம் கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். ஒரே ஒரு ஆள், கதவு சாத்திய அறை என்றால் எந்தச் சபையானாலும் விடாதீர்கள்.

கடைசி_லயன்
நாலு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

யாராவது இன்னும் இருக்கிறீர்களா? நாலு ஞாயிறும் நாலு இடம் போய் வந்தேன்.

சனிக்கிழமைக் குழுவுக்குப் போகவில்லை, மகனுக்கு அன்று தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கை இருக்கிறது.

கத்தோலிக்கப் பூசை எனக்கு ரொம்பப் பிடித்தது. அமைதி. எல்லாருக்கும் எப்போது எழுந்திருப்பது, எப்போது மண்டியிடுவது என்று தெரிந்திருக்கிறது, நான்தான் ஒரு வினாடி பிந்திப் பிந்தி எழுந்தேன். நற்கருணை நேரத்தில் நாங்கள் மூவரும் பெஞ்சிலேயே இருந்தோம். ‘நமக்கு ஏன் கொடுக்கலை?’ என்று மகன் சத்தமாகக் கேட்டுவிட்டான், முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பத்தாங்கட்டை அக்கா முன்பே சொல்லியிருந்தும் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது.

லுத்தரன் சபைக்கு ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். முதல் பாட்டிலேயே அழுதுவிட்டேன், வேறு என்ன சொல்ல. ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பெயர், அம்மா பெயர் எல்லாம் இருக்கிறது. ஐயர் எடுத்துக் காட்டினார், நகலும் கொடுத்தார். ஆனால் வாராவாரம் போய் வர எண்ணெய்க்காசு ஆகாது.

மாடிக்கும் போனேன், போகாமல் இருந்தால் மனசில் அப்படியே தங்கிவிடும் என்று. கிராணி அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். பாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆனது. ‘பதிவு வேலை நடந்துகொண்டிருக்கிறது சிஸ்டர்’ என்றார். நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, ‘உங்கள் அம்மா விஷயத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மெதடிஸ்ட் ஆராதனையில் காற்றாடி சுற்றுகிற சத்தம் பிரசங்கத்தைவிட அதிகம். முடிந்ததும் மீகூன் நூடுல்ஸ், தே ஓ தேநீர். ஒரு பெரியவர் வந்து எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். மூன்றாவதாக, ‘ஊரிலே நீங்க எந்தப் பக்கம்?’ என்று சுற்றி வளைத்துக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமலா? லுத்தரன் பக்கம் என்று சொன்னேன். பக்கத்திலிருந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் மீகூன் தட்டோடு நகர்ந்துவிட்டார். ஆக, அங்கேயும் எல்லாம் சுத்தம் இல்லை.

போர்டில் கணக்கு ஒட்டியிருந்தது. மின்சாரம் 212.40. பூ 35.00. அதற்குக் கீழே, மயானத்தில் புல் வெட்டியது 80.00. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா இருக்கும் இடத்தில் புல் எப்போதும் வெட்டியிருக்கும், நகராட்சிக்காரர்கள் செய்கிறார்கள் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் கொடுத்துவிட்டேன். மகளுக்கு இஷ்டமில்லை, ‘என் வயசில் அங்கே யாருமே இல்லைம்மா’ என்கிறாள், அது உண்மைதான். வெள்ளிக்கிழமை மாடியில் நடக்கிற வாலிபர் கூட்டத்துக்கு மட்டும் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். நான் கீழே காரில் உட்கார்ந்திருப்பேன்.

ஐயரம்மா
ஞாயிறு, மாலை 5.12

சந்தோஷம் மகளே. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்கள் போதகரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேறு ஆள் மூலம் காதுக்குப் போனால்தான் வம்பு.

பத்தாங்கட்டை
ஞாயிறு, மாலை 6.01

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஆனாலும் 12 வயசுப் பிள்ளையை இழுத்துப் பிடித்தால் இன்னும் மோசமாகும். ஜூலை 26ஐ மறக்க வேண்டாம், பஸ் எங்கள் தாமானிலிருந்தே கிளம்புகிறது, மூன்று சீட் வைக்கட்டுமா, நாலா?

கடைசி_லயன்
ஞாயிறு, மாலை 6.20

நாலு அக்கா. வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார்.

சும்மா_சொல்றேன்
ஞாயிறு, இரவு 8.33

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் அக்கா. அந்தத் தண்டவாளத் துண்டு என்ன ஆச்சு?

கடைசி_லயன்
ஞாயிறு, இரவு 8.50

லயன் இடிக்கிற அன்று அம்மா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் தம்பி. சமையல்கட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. வீட்டுக்காரர் அதில் வைத்துத்தான் வளைந்த ஆணியை எல்லாம் தட்டி நிமிர்த்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.